பாயிண்ட் பார்ப்பவர் யார்? கல்வராயன் மலையும் உணவு அறிவியல் கல்வியும்

சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு அனுப்பும் உழவரிடம் இந்த ஆண்டு விலை என்னவென்று கேட்டால், கிலோவுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வது அரிது. பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார். பாயிண்ட் என்பது கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு. கிழங்கை முதலில் காற்றில் எடைபோட்டு, பிறகு நீரில் மூழ்கவைத்து எடைபோட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து அதன் அடர்த்தி தெரியும். அடர்த்தி தெரிந்தால் மாவுச்சத்தைக் கணக்கிடலாம். பள்ளி இயற்பியல் பாடத்தில் வரும் ஆர்க்கிமிடீசின் விதிதான் இது. கல்வராயன் மலையிலிருந்தும் சின்னசேலம், கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரங்களிலிருந்தும் ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குச் செல்லும் ஒவ்வொரு லாரியின் விலையையும் இந்த எண்தான் தீர்மானிக்கிறது.

அந்த எண்ணைப் படிப்பவர் ஆலையின் ஆள். கேட்டுக்கொள்பவர் உழவர். பாயிண்டைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்ற முறையீடு ஒவ்வொரு அறுவடையிலும் எழுகிறது. ஆனால் அதை மெய்ப்பிக்கும் கருவியோ, கருவியைப் படிக்கத் தெரிந்தவரோ உழவர் பக்கம் இல்லை. கிழங்கைத் திருப்பி எடுத்துச் செல்லவும் வழியில்லை. தோண்டியெடுத்த இரண்டு மூன்று நாள்களில் மரவள்ளியின் உட்சதையில் கருநீலக் கோடுகள் விழுந்து அது கெடத் தொடங்கிவிடும். இந்த உயிரியல் உண்மையை ஆலைக்காரர் அறிவார், தரகர் அறிவார். பேரத்தில் அவர்கள் பொறுமையாக இருப்பதற்கும் உழவர் பதறுவதற்கும் அதுவே காரணம்.

இந்தக் காட்சியிலிருந்தே ஒரு கல்விப் பிரச்சினையை அணுக விரும்புகிறோம். உணவு அறிவியலும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தை இளங்கலைக்குப் பிறகு இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பாகப் பயிலலாம் என்ற விளம்பரங்கள் இன்று நம் மாணவர்களின் கைப்பேசிகளை நிறைக்கின்றன. கள்ளக்குறிச்சியில் வேதியியலோ நுண்ணுயிரியலோ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் தலித், பழங்குடிப் பட்டதாரிக்கு இது உண்மையிலேயே ஒரு வாயிலா, அல்லது வாயிலின் படம் மட்டுமா? இதுவே நம் கேள்வி.

உணவை விளைவிக்கும் மாவட்டம்

விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019-இல் உருவான கள்ளக்குறிச்சி, அடிப்படையில் ஓர் உணவு மாவட்டம். சமவெளியில் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும், மலையில் மரவள்ளியும் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகின்றன. புளி, கடுக்காய், நெல்லி, தேன் ஆகியவை காட்டிலிருந்து வருகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்குகின்றன. அரிசி ஆலைகள் நகரைச் சுற்றி நிற்கின்றன.

இந்த உணவுச் சங்கிலியில் நம் மக்கள் எங்கே நிற்கிறார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 29 விழுக்காடு. கரும்பு வெட்டுவதிலும் நெல் நடுவதிலும் ஆலைகளில் மூட்டை தூக்குவதிலும் அவர்களின் உழைப்பு இருக்கிறது. மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலை, 1976-இல்தான் அந்த முறையிலிருந்து விடுபட்டது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அம்மக்கள் ஜாகிரின் குடிகளாகவே வாழ்ந்தார்கள். இன்றும் மழை பொய்த்த ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் ஊர்விட்டுப் போகிறார்கள்.

நாளேடுகளில் இந்த மாவட்டம் இடம்பெறும் விதம் வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நாட்கூலிகள். கருணாபுரம் தலித்துகள் மிகுதியாக வாழும் பகுதி. அந்தத் துயரத்தைத் தொடர்ந்து, கல்வராயன் மலை மக்களின் சமூக, பொருளாதார நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாராய ஊறல் அழிப்புச் செய்திகளில் மட்டுமே பேசப்பட்ட மலையில் சாலை, பள்ளி, மருத்துவமனை எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுந்தது. அந்தப் பட்டியலோடு ஓர் அறிவுத் துறையையும் சேர்க்க வேண்டும் என்கிறோம். மெத்தனாலும் குடிப்பதற்கான எத்தனாலும் கண்ணுக்கும் மூக்குக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சோதனையால் மட்டுமே வேறுபடுத்த முடியும். வாய்க்குள் போகும் எதையும் சோதித்தறியும் ஆற்றல் எந்தச் சமூகத்திடம் இல்லையோ, அந்தச் சமூகம் தன் உயிரைப் பிறர் நாணயத்தை நம்பி ஒப்படைத்திருக்கிறது.

தீட்டும் தூய்மையும்

உணவு அறிவியல் நமக்கு இன்னொரு வேலைவாய்ப்புப் பாடம் மட்டுமே ஆகாது. சாதி அமைப்பு தன்னை நாள்தோறும் புதுப்பித்துக்கொள்ளும் இடம் உணவு. யார் சமைக்கலாம், யார் தொட்டதை யார் உண்ணலாம், எந்தக் குவளை யாருக்கு என்ற விதிகளால்தான் அது நின்றது. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண் ஒருவரைச் சாதி இந்துக்கள் தடுத்தார்கள்; அவர் இடமாற்றம் செய்யப்பட்டார், போராட்டத்துக்குப் பின்னரே மீண்டார். அவ்வழக்கில் ஆறு பேருக்குச் சிறைத்தண்டனை கிடைக்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023-இல் விரிவாக்கப்பட்டபோதும், தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளை உண்ணவிடாத பெற்றோர் சில ஊர்களில் இருந்தார்கள். மாவட்ட ஆட்சியரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் சென்று உடன் அமர்ந்து உண்டு காட்ட வேண்டியிருந்தது.

இந்தத் தீட்டுக் கோட்பாட்டுக்கு நேர் எதிரான ஒரு மொழியை உணவு அறிவியல் பேசுகிறது. பாத்திரத்தில் எத்தனை கிருமிகள் உள்ளன, எந்த வெப்பத்தில் எத்தனை நிமிடம் வைத்தால் அவை அழியும், ஈரப்பதம் எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு என்று அது கேட்கிறது. சமைத்தவரின் பிறப்பைக் கேட்க அதனிடம் ஒரு கட்டம்கூட இல்லை. 2006-இன் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் உணவு பாதுகாப்பானதா, தரமானதா என்றே பார்க்கும். எழுத்தாளர் சந்திர பான் பிரசாத் 2016-இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே மசாலா, ஊறுகாய் விற்பனையைத் தொடங்கியபோது, அந்தப் பெயரே ஒரு சமூகச் சோதனையாக இருந்தது. பொட்டலத்தின் மீதுள்ள தரக் குறியீட்டை நம்புவதா, பெயரைப் பார்த்துத் தயங்குவதா என்று வாங்குபவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

நம் சமையலறைகளிலும் இந்த அறிவியல் பெயரில்லாமல் இருந்து வருகிறது. மாட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் உலர்த்தி உப்புக்கண்டமாக்கிய நம் பாட்டிமார், நுண்ணுயிரிக்குக் கிடைக்கும் நீரைப் பறித்தார்கள். பாடநூல் இதை நீர்ச் செயற்பாடு என்கிறது. அது 0.6-க்குக் கீழே சென்றால் எந்த நுண்ணுயிரியும் பெருக முடியாது. மலைப் பெண்கள் சாமையை உமியோடு குதிரில் வைத்து, வேண்டியபோது மட்டும் குத்தி எடுப்பார்கள். உமியும் தவிடும் சிதைந்தவுடன் தவிட்டின் எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை எடுக்கும் என்பதே அதன் காரணம். இன்று நகரத்துக் கடையில் சாமை அரிசி விற்பவர் எதிர்கொள்ளும் முதல் சிக்கலும் அதுவே. தேனில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அரசின் தரநிலை, தாண்டினால் புளித்துவிடும். அடை முதிர்ந்து மெழுகால் மூடும்வரை காத்திருந்து எடுப்பவருக்கு இது கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தை எண்ணாகவும் ஆவணமாகவும் மாற்றத் தெரிந்தவர் அவர் வீட்டில் இல்லாததால்தான், தேனின் விலையை வேறொருவர் சொல்கிறார்.

இணையவழி என்ன தருகிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'கிராஜுவேட் சர்டிபிகேட்' என்று ஒரு படிப்பு உண்டு. பட்டம் பெற்றவர்கள் வேலையில் இருந்தபடியே நான்கைந்து பாடங்களை இணையத்தில் பயில்வது அது. உணவு வேதியியல், உணவு நுண்ணுயிரியல், பதப்படுத்தும் முறைகள், பொதிதல், உணவுச் சட்டம் ஆகியவை வழக்கமான பாடங்கள். பின்னாளில் முதுநிலைப் பட்டம் படித்தால் இந்த மதிப்பெண் அலகுகளை அதில் சேர்த்துக்கொள்ளப் பல இடங்களில் வழியுண்டு. கட்டணம் டாலரில்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமானவை மூன்று. முதலாவது, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அபீடா நிறுவனத்தோடு இணைந்து வடிவமைத்த, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர மேலாண்மைக்கான முதுநிலைப் பட்டயம். இரண்டாவது, 2017-இல் தொடங்கப்பட்ட 'ஸ்வயம்' தளத்தின் பாடங்கள். இதில் காரக்பூர் ஐஐடி பேராசிரியர்களின் உணவுப் பதப்படுத்தல் பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம், அதிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. மூன்றாவது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககம் தமிழிலேயே நடத்தும் காய்கனிப் பதப்படுத்தல், அடுமனைப் பொருள் தயாரிப்பு போன்ற சான்றிதழ்ப் படிப்புகள். இவை தொழில்முனைவோருக்கானவை; முதுநிலைக் கல்வியாகா.

இவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் தஞ்சாவூரின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் நாட்டின் முன்னணிக் கூடங்கள். ஆனால் இரண்டு ஆண்டுகள் ஊர்விட்டுப் போய்த் தங்கிப் படிப்பது, வெள்ளிமலையில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பட்டதாரிப் பெண்ணுக்கோ, சங்கராபுரத்தில் தந்தையின் கடனை அடைக்க மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞருக்கோ எளிதல்ல. வகுப்பறை சிலருக்கு ஊமைக் கொடுமைகளின் இடமாகவும் இருந்திருக்கிறது. வீட்டிலிருந்து, தன் வேகத்தில், சாதி கேட்கப்படாமல் கற்கும் வாய்ப்பு அற்பமானதல்ல.

நான்கு பூட்டுகள்

ஆயினும் இந்த வாயிலில் நான்கு பூட்டுகள் தொங்குகின்றன.

முதல் பூட்டு, அங்கீகாரம். திறந்தநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகளின்படி பொறியியல், வேளாண்மை, தோட்டக்கலை போன்றவற்றை இவ்வழியில் நடத்த முடியாது. 2025 ஆகஸ்டில் தடைப்பட்டியல் நீண்டது. 2021-இன் தேசிய துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருபவை என்று உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஊட்டச்சத்தியல் ஆகியவற்றோடு உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியலையும் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்று மானியக் குழு அறிவித்தது. செய்முறை இல்லாமல் மருத்துவம் சார்ந்த படிப்பை நடத்தக்கூடாது என்ற அக்கறை நியாயமானதே. ஆனால் கூடவே செய்முறைக்கூடத்தை அருகில் கொண்டுவரும் ஏற்பாடு எதையும் அரசு செய்யவில்லை. தஞ்சைக்கோ கோவைக்கோ போக முடிந்தவருக்கு இழப்பில்லை. போக முடியாதவருக்குக் கதவு மூடியது.

அங்கீகாரத்தின் மறுபக்கம் வேலை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு 2011 விதிகள் குறிப்பிட்ட பாடங்களில் பட்டம் கேட்கின்றன. சான்றிதழ் அந்த இடத்தை நிரப்பாது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அதே சமயம், உரிமம் பெற்ற ஒவ்வோர் உணவு உற்பத்தி நிறுவனமும் உற்பத்தியை மேற்பார்வையிடக் குறைந்தது ஒரு தொழில்நுட்ப நபரை வைத்திருக்க வேண்டும் என்பதும் உரிம நிபந்தனை. வேதியியல், உயிர்வேதியியல், உணவும் ஊட்டச்சத்தும், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்ட அறிவியல் பட்டமோ, உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டமோ பட்டயமோ அதற்குப் போதும். அதாவது, கள்ளக்குறிச்சியின் அரசுக் கல்லூரியில் வேதியியல் முடித்த நம் பிள்ளை, சட்டப்படி இன்றே ஒரு சேகோ ஆலையின் தொழில்நுட்ப மேற்பார்வையாளராகத் தகுதி உடையவர். ஜவ்வரிசியை வெண்மையாக்க வேதிப்பொருள் சேர்ப்பதாகவும், மக்காச்சோள மாவைக் கலப்பதாகவும் ஆலைகள் மீது எழும் புகார்களையும் அதிகாரிகளின் சோதனைகளையும் பல ஆண்டுகளாகக் காண்கிறோம். அந்த ஆலைகளுக்குள் நம் பட்டதாரிகள் மூட்டை தூக்குபவர்களாக மட்டுமே நுழைகிறார்கள் என்றால், குறை தகுதியில் இல்லை. அழைப்பவரிடமும், உரிமை இருப்பதை அறியாத நம்மிடமும் இருக்கிறது.

இரண்டாவது பூட்டு, மொழி. உயர்நிலைப் பாடங்கள் ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலத்தில் உள்ளன. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவர், வேதியியல் தெரியாததால் இடறுவதில்லை. வேகமாகப் பேசப்படும் ஆங்கில விரிவுரையில் இடறுகிறார். பாதியில் நின்றுபோகும் போது, தனக்கு அறிவு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். இது மிகக் கொடிய விளைவு.

மூன்றாவது பூட்டு, கூடம். நுண்ணுயிரியைத் திரையில் எண்ணிப் பழக முடியாது. தட்டில் வளர்த்து, காத்திருந்து, ஒவ்வொரு திரளாக எண்ண வேண்டும். பாலின் அமிலத்தன்மையை அளப்பது, எண்ணெய் சிக்கெடுத்ததைக் கண்டுபிடிப்பது, கிழங்கின் பாயிண்ட் பார்ப்பது யாவும் கைப்பழக்கத்தால் வருபவை. மலையின் பல சிற்றூர்களில் இணைய இணைப்பே நிலையாகக் கிடைக்காத நிலையில், கூடத்தைப் பற்றி என்ன சொல்வது.

நான்காவது பூட்டு, பணமும் ஒதுக்கீடும். அரசுக் கல்லூரியில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் இடம் உண்டு; அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு உண்டு. தனியார் தளத்திலோ அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையப் படிப்பிலோ இவை எதுவும் இல்லை. பணம் கட்டியவர் உள்ளே செல்கிறார். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடுகிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டோருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முறையான முழுநேரப் படிப்புகளை மையமாகக் கொண்டு கட்டப்பட்டது. பட்டத்துக்குப் பின் ஆறு மாதம் படிக்கும் ஒருவருக்கு, கட்டணத்தைக் காட்டிலும் அந்த ஆறு மாதம் இழக்கும் கூலியே பெரிய தடை. இணையவழிக் கல்வி எல்லோருக்கும் திறந்தது என்ற பேச்சு, சமூகநீதியின் பொறுப்பிலிருந்து அரசு நழுவிக்கொள்ளும் பாதையாகிவிடக் கூடாது.

ஒரு வண்டியின் பாடம்

கல்வியைத் தேடி வர முடியாதவரிடம் கல்வியைக் கொண்டுசெல்வது புதிய எண்ணமன்று. அமெரிக்காவின் அலபாமாவில், அடிமைமுறையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களுக்கான டஸ்கிகி கல்வி நிறுவனத்தில் வேளாண் அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பணியாற்றினார். அடிமையாகப் பிறந்தவர் அவர். குத்தகை உழவர்கள் கல்லூரிக்கு வர முடியாது என்பதை அறிந்து, 1906-இல் டஸ்கிகி ஒரு வண்டியை ஊர்களுக்கு அனுப்பியது. ஜெசப் வண்டி என்று அதற்குப் பெயர். விதைகளும் கருவிகளும் பால் பொருள் தயாரிக்கும் சாதனங்களும் அதில் இருந்தன. உழவரின் நிலத்திலேயே செய்துகாட்டினார்கள். உழவரின் கையில் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். கூடம் மக்களிடம் போனது. நமக்குத் தரப்படும் இணையவழிக் கல்வியிலோ விரிவுரை மட்டுமே வருகிறது, கூடம் வருவதில்லை.

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினரே. சாமையும் தினையும் அவர்களின் தானியங்கள். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை நிறுவி, மகளிர் குழுக்களுக்குப் பதப்படுத்தவும் பொதியவும் பயிற்சி தந்தது. உரலில் நாள்முழுதும் குத்திய பெண்களின் உழைப்பு குறைந்தது. மலைத் தானியம் மலையின் பெயரோடு சந்தைக்கு வந்தது. இயந்திரம், பயிற்சி, அமைப்பு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்ததால்தான் இது நடந்தது. கல்வராயனில் சாமைக்கு அத்தகைய தொடர் முயற்சியின் தேவை அப்படியே இருக்கிறது.

மாணவர்களுக்கு

கொள்கை மாறும்வரை காத்திருக்கும் வசதி நம்மிடம் இல்லை. ஆகவே, படிக்க எண்ணும் மாணவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

பணம் கட்டுவதற்கு முன், அது பட்டமா, முதுநிலைப் பட்டயமா, வெறும் சான்றிதழா என்று எழுத்தில் கேளுங்கள். பட்டமோ முதுநிலைப் பட்டயமோ எனில், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் இந்தக் கல்வியாண்டின் பட்டியலில் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் உள்ளனவா என்று பாருங்கள்; சென்ற ஆண்டின் பட்டியலை நம்ப வேண்டாம். செய்முறை எங்கே, எத்தனை நாள் என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் அது உணவு அறிவியல் படிப்பு ஆகாது.

இப்போது இளங்கலை படித்துக்கொண்டிருப்பவர்கள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் பயின்று மதிப்பெண் அலகு பெறலாம் என்று மானியக் குழுவின் 2021 விதிகள் கூறுவதை அறியுங்கள். வேதியியல், நுண்ணுயிரியல், தாவரவியல் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, உணவு அறிவியல் பாடம் ஒன்றை ஏற்கும்படி துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். தனியே பார்த்தால் மூன்றாவது வாரத்தில் சோர்ந்துவிடும் விரிவுரை, ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டில் பார்த்துத் தமிழில் பேசிக்கொண்டால் நிலைக்கும். அம்பேத்கர் படிப்பு வட்டங்கள் நம் ஊர்களில் செய்துவந்த வேலை இதுவே. அரசியல் நூல்களுக்கு நாம் கண்ட முறையை அறிவியலுக்கும் பயன்படுத்துவோம்.

நம் கோரிக்கைகள்

ஒன்று, உணவு அறிவியலை இணையவழியில் தடைசெய்த மானியக் குழு, விரிவுரை இணையத்திலும் செய்முறை அருகிலுள்ள அரசுக் கல்லூரியிலும் நடக்கும் கலப்பு முறையை ஏற்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்து அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் கூடங்கள் விடுமுறை நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவற்றை மாணவர்களுக்குத் திறக்கலாம்.

இரண்டு, ஊர் ஊராகச் சென்று உணவைச் சோதிக்கும் நடமாடும் பரிசோதனை வாகனங்கள் அரசிடம் ஏற்கெனவே உள்ளன. அவற்றுள் ஒன்று குறிப்பிட்ட நாள்களில் வெள்ளிமலையிலும் மலையின் பிற ஊர்களிலும் நின்று, சோதனை நிலையமாகவும் பயிற்சிக் கூடமாகவும் இயங்கட்டும்.

மூன்று, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் தமிழ்நாட்டில் 2024-இல் இயற்றப்பட்டுள்ளது. அந்நிதியிலிருந்து, பட்டத்துக்குப் பின் சான்றிதழோ பட்டயமோ படிப்போருக்குக் கட்டணம், பயணச் செலவு, இழக்கும் கூலிக்கு ஈடான மாத உதவி ஆகியவற்றைத் தாட்கோ வழியாக வழங்க வேண்டும். படித்து முடித்துத் தொழில் தொடங்குவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. அதற்கு முந்தைய படியான கல்விக்கு நிதி இல்லாமல் அந்த மானியம் யாரைச் சென்றடையும்?

நான்கு, முதன்மையான உணவு அறிவியல் பாடங்கள் தமிழில் வர வேண்டும். மொழிபெயர்ப்புப் பணியில் நம் பட்டதாரிகள் ஊதியத்தோடு ஈடுபடுத்தப்பட வேண்டும்.

ஐந்து, கள்ளக்குறிச்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மரவள்ளிக்கான பொதுச் சோதனை நிலையம் அமைய வேண்டும். ஆலைக்குச் செல்லும் முன் உழவர் தம் கிழங்கின் பாயிண்டை அங்கே அறிந்து, முத்திரையிட்ட சீட்டோடு செல்லட்டும். அந்த நிலையத்தில் அமர்பவர்கள், இப்படிப் படித்து வந்த தலித், பழங்குடிப் பட்டதாரிகளாக இருக்கட்டும்.

கடைசிக் கோரிக்கை மிகச் சிறியது. ஒரு தராசு, ஒரு நீர்த்தொட்டி, ஓர் அட்டவணை, இரண்டு பட்டதாரிகள் போதும். ஆனால் அது நடந்தால், தலைமுறைகளாக நம் உழைப்பை அளந்த தராசின் அருகே முதன்முறையாக நம் ஆள் ஒருவர் நின்று எண்ணை உரக்கப் படிப்பார். எந்தச் சான்றிதழ்ப் படிப்பையும் நாம் மதிப்பிட வேண்டியது, அது அந்த இடத்துக்கு நம்மை எவ்வளவு அருகில் கொண்டுசெல்கிறது என்பதைக் கொண்டுதான்.